தேவியின் கன்னத்தில் ஒரு கோடு

டெலிபோன் அடித்தது.

எடுக்க வேண்டிய பல் டாக்டர் எடுக்கவில்லை.

அவர் தன்னுடைய பழைய க்ளினிக்கின் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. நாற்பது வருஷமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் 'ஆ' காட்டச் சொன்ன மனிதர், இப்போது தானே காட்டிக்கொண்டிருந்தார்.

மண்டைக்குப் பக்கத்தில் ரத்தம்... ரத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ராட்சசக் கடைவாய்ப் பல்!

பயப்பட வேண்டாம். வெண்கலத்தில் செய்த பேப்பர் வெயிட் அது. டாக்டர் ரிட்டயர் ஆனபோது கூட்டாளிகள் சேர்ந்து பரிசாகக் கொடுத்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாது.

டெலிபோன் நின்றது. மறுபடி அடித்தது.

மாடியிலிருந்து டாக்டரம்மாதான் கூப்பிடுகிறார், சாப்பாடு ஆறுகிறது என்று சொல்ல. மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் திட்டிக்கொண்டே இறங்கி வருவார். அந்த வீட்டுக்கு வருஷக்கணக்காக வந்து போகிற பூதக்கண்ணாடிக்கு இது நன்றாகவே தெரியும்.

பூதக்கண்ணாடி யார் என்கிறீர்களா? அதோ, பிணத்துக்கு மூன்றடி தள்ளி, வெண்கலப் பல்லைக் கையில் எடுத்துக் கைக்குட்டையால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருக்கிறாரே... அவர்தான்.

ஐம்பத்தெட்டு வயது. மடிப்புக் கலையாத சட்டை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ். பழைய அமெரிக்க வெள்ளி டாலர் காசுகளைப் பார்த்து, இது எந்த அச்சில் அடித்தது, அச்சு எங்கே விரிசல் விட்டிருந்தது, அசலா போலியா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது தொழில். அந்தக் கையெழுத்து இருந்தால் ஒரு காசு ஒன்றுக்குப் பத்தாக விலை போகும். இல்லாவிட்டால் வெறும் வெள்ளி. நாணயச் சங்கத்தில் முன்னால் 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். இரண்டுமே அவருக்குப் பெருமைதான்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவர் கொலைகாரர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் காலையில் அவர் ஆபீசுக்கே வந்து, புதுசாக ஒரு டாலர் கிடைத்திருக்கிறது, மத்தியானம் வந்து ஒரு பார்வை பாருங்கள் என்று கூப்பிட்டார். வந்தார். நீல வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினார் டாக்டர். பூதக்கண்ணாடி லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

அடுத்த நொடி மூச்சு நின்றுவிட்டது.

சுதந்திர தேவியின் நெற்றிக்கு மேலே இருந்த நட்சத்திரத்தில் ஒரு மயிரிழைக் கோடு ஆரம்பித்தது. புருவத்தைத் தொட்டுக் கன்னத்தில் இறங்கி, தாடையைத் தாண்டி, வருஷ எண்ணின் கடைசி இலக்கத்தில் போய் நின்றது. மேடான கோடு. அச்சு விரிசல்! சங்கத்தின் பட்டியலில் இந்த விரிசலோடு மூன்றே மூன்று டாலர்கள்தான் இருந்தன. மூன்றும் இரும்புப் பெட்டிகளில். முப்பது வருஷமாக பூதக்கண்ணாடி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்த கோடு அது. ஆனாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

"கீறல் டாக்டர். யாரோ ஊசியால இழுத்து வெச்சிருக்காங்க. காசு பாழாப்போச்சு. வெள்ளி எடைக்கு வேணா நான் எடுத்துக்கறேன்."

டாக்டர் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கீறல்னா பள்ளமா இருக்கணும்யா. இது மேடா நிக்குது. வாய்க்குள்ள மேடு பள்ளம் பார்த்தே நாற்பது வருஷம் சாப்பிட்டவன் நான். எங்கிட்டயேவா?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி இன்னொரு டாலரையும் கீறல் என்று சொல்லி வாங்கிப்போய், உமது கையெழுத்தையே போட்டு வெளியூர்க்காரனுக்கு விற்றீரே, அதுவும் எனக்குத் தெரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப்போகிறேன் என்றார். இனிமேல் உமது கையெழுத்து எழுதின காகிதத்துக்குக்கூடப் பெறாது என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துவிடத் திரும்பினார்.

திரும்பியிருக்கக் கூடாது.

பூதக்கண்ணாடிக்குக் காசு போனால் வலிக்கும். கௌரவம் போனால் உயிரே போய்விடும். அவர் உயிர் போகாமல் இருக்க வேண்டுமென்றால் டாக்டர் உயிர் போக வேண்டும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது. வெண்கலப் பல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

டெலிபோன் மூன்றாவது தடவையாக அடித்தது...

பூதக்கண்ணாடி பரபரவென்று வேலை பார்த்தார். மேசை விளிம்பு, தண்ணீர் டம்ளர், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் அழுந்தத் துடைத்தார். டாலரை மட்டும் துடைக்கவில்லை. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கினார். துணி பட்டால் வெள்ளியில் கோடு விழும்... கழுத்துக்குக் கயிறு வந்தாலும் அவருக்கு அது ஆகாத காரியம். தன் பையிலிருந்து அதே வருஷத்துச் சாதாரண டாலர் ஒன்றை எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவர் தெருவில் இருந்தார்.

மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் அவருடைய ஆபீசுக்கு வந்தார்.

நாற்பது வயதுப் பெண்மணி. வந்ததும் வராததுமாக, எனக்குக் காசு என்றால் கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தெரியும், அவ்வளவுதான் சார், நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்று பணிவாக உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தெரியாது என்று சொல்கிறவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் மேசையில் ஒரு உறையை வைத்தார். உள்ளே அவர் மாற்றி வைத்த அதே டாலர்!

லென்ஸை மாட்டிக்கொண்டு, புதுசாகப் பார்க்கிற மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாதாரணக் காசு என்றார். தெருவுக்கு நாலு கிடைக்கும் என்றார்.

"ஆனா டாக்டரம்மா வேற மாதிரி சொல்றாங்க சார். தட்டுல இருந்த காசுல மூஞ்சிக்குக் குறுக்கே ஒரு கோடு இருந்துச்சாம். இதுல இல்லையே?"

பூதக்கண்ணாடி சும்மா இருக்கவில்லையே, இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பாடம் அல்லவா. நாற்காலியில் நிமிர்ந்தார்.

"கோடுன்னா ரெண்டு வகை மேடம். கீறல்னா பள்ளமா இருக்கும், அது அந்த ஒரு காசுக்கு மட்டும் சொந்தம். அச்சு விரிசல் அப்படி இல்ல. காசு அடிக்கிற அச்சு இரும்பு. அடிச்சு அடிச்சு அதுல விரிசல் விடும். விரிசலுக்குள்ள வெள்ளி பிதுங்கிப் போகும். அதான் காசுல மேடா கோடு விழுது."

"ஓ... அப்ப விரிசல் காசுல இல்ல, அச்சுல?"

"அப்படிக் கேளுங்க. அந்த அச்சுல அதுக்கப்புறம் அடிச்ச அத்தனை காசுலயும் அதே கோடு, அதே இடத்துல இருக்கும்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்படின்னா நாளைக்கு ஒருத்தன் வீட்டுல அந்தக் கோடு போட்ட டாலரை நான் பிடிச்சாலும், அது டாக்டர் வீட்டுல திருடினதுதான்னு சொல்ல முடியாதா?"

"முடியாது. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன். என்னுது வேற, டாக்டருது வேறன்னு அவன் சொன்னா, உலகத்துல எவனாலயும் மறுக்க முடியாது."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். கேஸ் கையை விட்டுப் போய்விட்டதே சார் என்று அலுத்துக்கொண்டார். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். பூதக்கண்ணாடி போட்டுக் கொடுத்தார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை.

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"சொல்ல மறந்துட்டேன். நேத்து உங்க சங்கத்து தராசு சாரையும் பார்த்தேன். அந்த மாதிரி கோடு போட்ட டாலர் அவர்கிட்டயே ஒண்ணு இருக்காம். ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டத்துல காட்டப்போறாராம். பட்டியல்ல நாலாவது அவரோடதுன்னு ஒரே குஷியா இருந்தாரு."

கதவு சாத்திக்கொண்டது.

பூதக்கண்ணாடி சங்கத்துப் பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

தராசா? பழைய வெள்ளியை நிறுத்து வாங்கி விற்கிற அந்த ஆளா? கீறலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பத்து வருஷம் சங்கத்தில் பெஞ்சைத் தேய்த்தவனா நாலாவது? வயிறு எரிந்தது. கொலை செய்த அன்றுகூட ராத்திரி நன்றாகத் தூங்கியவருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. என்னங்க உடம்புக்கு என்று மனைவி கேட்டதற்கு எரிந்து விழுந்தார். இருபத்தேழு வருஷமாக அந்த லென்ஸோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். ஏதோ ஒரு காசு இவரை ஆட்டுகிறது என்று மட்டும் புரிந்துகொண்டு திரும்பிப் படுத்தார்.

ஒளித்து வைப்பானேன்? போலீசே ஒத்துக்கொண்டாயிற்று! விரிசல் அச்சுக்குச் சொந்தம். என் காசு என் காசுதான்.

மறுநாள் பூதக்கண்ணாடி ஒரு சர்டிபிகேட் அடித்தார். 'முற்றிலும் அசல். அரிய அச்சு விரிசல். ஐயத்துக்கு இடமில்லை.' ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி போட்டார். கீழே கையெழுத்தை இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்தார். புள்ளி வைப்பது பெரிய காசுகளுக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஹாலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள்.

டாக்டரின் போட்டோவுக்கு முன்னால் ஒரு நிமிஷ மௌனம். முப்பதாவது நொடியில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் காசு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். முன்வரிசையில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் சாதாரணப் புடவையில் இன்ஸ்பெக்டர்.

தராசு எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று குறியாக இருந்த பூதக்கண்ணாடி மேடையேறினார். டாக்டரின் பெருமையை இரண்டு வாக்கியத்தில் முடித்தார். அவர் ஆத்மா சந்தோஷப்படும்படி ஒரு செய்தி சொல்கிறேன் என்றார். பட்டியலில் நாலாவது டாலர் ஏழு மாதமாக என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, உறையையும் சர்டிபிகேட்டையும் மேசையில் வைத்தார்.

ஹாலே எழுந்து நின்றது. முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். பூதக்கண்ணாடி ஓரக்கண்ணால் தராசைத் தேடினார். தராசு பின்வரிசையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் காசும் இல்லை, ஒன்றும் இல்லை!

எங்கேயோ இடித்தது.

"அசல்தானே சார்? கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சந்தேகமே இல்லையே?"

இன்ஸ்பெக்டர்தான். பூதக்கண்ணாடி தலையை நிமிர்த்தினார். முப்பது வருஷ அனுபவம் மேடம் என்றார்.

டாக்டரம்மா மெதுவாக எழுந்தார். மேசைக்கு வந்து டாலரைக் குனிந்து பார்த்தார். அந்தக் கோட்டைத் தொடப்போன விரலைப் பாதியில் இழுத்துக்கொண்டார். கண்ணில் இருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இந்தக் கோடு எங்க வீட்டுக்காரர் போட்டதுங்க."

ஹால் முழுக்க டாக்டரம்மா பக்கம் திரும்பியது.

"சாதாரண டாலர்தான். பல்லுக்குக் கம்பி பத்த வைக்கிற வெள்ளிப் பொடியை வெச்சு, மூணு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து இழுத்தாரு. நான்தான் விளக்கைப் பிடிச்சேன். ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து வெச்சிருக்காரு. 'பூதக்கண்ணாடிகிட்ட காட்டப்போறேன். கீறல்னு சொன்னா திருடன். அசல்னு சொன்னா முட்டாள். எதைச் சொன்னாலும் மாட்டிக்குவான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருங்க."

இன்ஸ்பெக்டர் கைப்பையிலிருந்து போட்டோக்களை எடுத்துச் சீட்டு மாதிரி பரப்பினார். நட்சத்திரத்தில் கோடு. புருவம் வரை. கன்னம் வரை...

"நீங்க சொன்னது சரிதான் சார். அச்சு விரிசல்னா எவன் வீட்டுலயும் இருக்கலாம். ஆனா இது அச்சுல வந்தது இல்ல. டாக்டர் கையால வந்தது. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான். உங்க வீட்டைச் சோதனை போட்டா எங்க ஒளிச்சு வெச்சிருப்பீங்களோன்னு பயந்தேன். தேட வேண்டாம், தராசு பேரைச் சொன்னா அவரே கொண்டாந்து மேடையில வைப்பாருன்னு இந்த அம்மாதான் சொன்னாங்க."

பூதக்கண்ணாடி லென்ஸை வைத்துப் பார்த்தார்.

தாடைக்குக் கீழே, கோட்டின் மேல்... கடுகில் பாதி அளவுக்கு ஒரு குமிழ்! பற்ற வைத்த குமிழ். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அவர் சொல்லித்தருகிற விஷயம். ஆசையில் கண் அவிந்து போயிருந்தது. அவமானம் உச்சந்தலை வரை ஏறியது. மாட்டிக்கொண்டோமே என்ற பயம் அவருக்கு அப்போது வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? நாற்பது பேர் பார்க்கிறார்களே என்பதுதான் வந்தது.

ஒரு வழி இருந்தது. வாயை மூடிக்கொள்வது. டாக்டர் இதைப் போன மாதமே என்னிடம் விற்றார், தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வக்கீலை வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கலாம். இன்ஸ்பெக்டருக்கும் அந்தப் பயம் இருந்தது.

அப்போதுதான் தராசு வந்தார். பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு, யாரிடமோ லென்ஸ் வாங்கிக் குனிந்தார். நிமிர்ந்தார்.

"அட, குமிழ் இருக்குய்யா! எனக்கே தெரியுது. இதுக்கா ரெண்டு புள்ளி வெச்சுக் கையெழுத்துப் போட்டாரு இந்த மனுஷன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருவர். இரங்கல் கூட்டம் என்பதை மறந்து ஹால் முழுக்கச் சிரித்தது.

பூதக்கண்ணாடியால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்கடா! எனக்குத் தெரியாதா? டாக்டர் அன்னிக்கு மத்தியானம் தட்டுல வெச்சு நீட்டினப்பவே போலின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கீறல்னு சொன்னேன்!"

சிரிப்பு நின்றது.

இன்ஸ்பெக்டர் மிருதுவாகக் கேட்டார்.

"எந்த மத்தியானம் சார்?"

டாக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னார். வெண்கலப் பல், கைக்குட்டை, மாற்றி வைத்த டாலர், ஒன்று விடவில்லை. அவருடைய மச்சான் அலறியடித்துக்கொண்டு ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். 'போலிக் காசை அசல் என்று நம்பி ஏமாந்து, அந்த ஆசையில் நிதானம் இழந்து...' என்ற இடம் வந்ததும் பூதக்கண்ணாடி கையை நீட்டித் தடுத்தார்.

அந்த வரியை அடிக்க வேண்டும் என்றார். தான் ஏமாறவில்லை என்றார். பார்த்தவுடனே போலி என்று தெரியும் என்றார்.

வக்கீல் அவர் காதில் பதறினார். அந்த வரிதான் நமக்குப் பிடி, புத்தி தடுமாறிச் செய்ததாக வாதாடித் தண்டனையைக் குறைக்கலாம், அதை எடுத்துவிட்டால் தெரிந்தே செய்த கொலை ஆகிவிடும், ஆயுள் முழுக்க உள்ளேதான் என்றார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாள் மாமா, அவளை நினைத்தாவது இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சினார்.

பூதக்கண்ணாடிக்கு மனைவியை நினைத்துக் கண் கலங்கியதும் நிஜம்தான். ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் உரக்கப் படிப்பார்கள். கேட்கிற கூட்டத்தில் தராசு உட்கார்ந்திருப்பான்.

"அடிங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து அந்த வரியை நேராக அடித்தார். காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். பூதக்கண்ணாடி கழுத்து லென்ஸை வைத்து, அடித்தது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"கவலைப்படாதீங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லன்னு கோர்ட்டுல நானே வந்து சாட்சி சொல்றேன்."